மைட்டோகாண்ட்ரியா பழுது என்று நிரூபிக்க எம்டிடி, ஜேசி-1 போதுமா? குர்குமின், ஹெப்ஜி2 செல்கள்

ஹெப்ஜி2_மாணவி:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். ஹெப்ஜி2 கல்லீரல் புற்றுநோய் செல்களில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் எம்டிடி அளவு (செல் உயிரோட்டச் சோதனை) இறங்குகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைக் காட்டும் ஜேசி-1 சாயத்தின் சிவப்பு–பச்சை விகிதம் இறங்குகிறது, சூப்பர் ஆக்ஸைடைக் காட்டும் மைட்டோசாக்ஸ் ஒளிர்வு ஏறுகிறது. இந்த மூன்றையும் வைத்து, குர்குமின் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைத்துச் செல்லைக் கொல்கிறது என்று கட்டுரை எழுதி அனுப்பினோம்.

ரிவியூவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றும் மறைமுகச் சான்றுகள் என்கிறார். மைட்டோகாண்ட்ரியா பழுதானதால் செல் செத்ததா, செல் சாகும்போது மைட்டோகாண்ட்ரியாவும் சேர்ந்து பழுதானதா என்று இவற்றால் பிரித்துச் சொல்ல முடியாதாம். சுவாச அளவீடு கேட்கிறார்.

எங்கள் துறையில் செல்களின் ஆக்சிஜன் செலவை அளக்கும் சீஹார்ஸ் கருவி இல்லை. ஃப்ளோ சைட்டோமீட்டர், ப்ளேட் ரீடர், கன்ஃபோக்கல் உண்டு. இன்னும் இரண்டு சாயம் சேர்த்தால் போதும் என்று கைடு நினைக்கிறார். போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பச்சைலேசர்:

ரிவியூவர் கேட்டது நியாயம். எத்தனை சாயம் சேர்த்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. ஏன் என்று உங்கள் மூன்று அளவீடுகளை வைத்தே சொல்கிறேன்.

எம்டிடி 1983-ல் மோஸ்மன் வெளியிட்ட முறை. மஞ்சள் உப்பு செல்லுக்குள் ஊதா ஃபார்மசானாக மாறுகிறது, 570 நானோமீட்டரில் அளக்கிறோம். மைட்டோகாண்ட்ரியாவின் டிஹைட்ரஜனேஸ்தான் அதை மாற்றுகிறது என்று கிட்டோடு வரும் தாளில் எழுதியிருக்கும். ஆனால் அந்த ஒடுக்கத்தின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியேதான் நடக்கிறது. என்ஏடிஎச், என்ஏடிபிஎச் எவ்வளவு இருக்கிறது, செல் எத்தனை இருக்கிறது என்பதையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. செல் பெருகுவது நின்றாலே எம்டிடி இறங்கும். தாவரப் பாலிஃபீனால்களில் எம்டிடியை நேரடியாகவே ஒடுக்கக்கூடியவை பல இருக்கின்றன. செல்லே இல்லாத வெல்லில் மீடியம், குர்குமின், எம்டிடி மட்டும் போட்டு ஒரு வரிசை வைத்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதை வையுங்கள்.

ஜேசி-1 விஷயத்தில் குர்குமினால் தனிச் சிக்கல் உண்டு. குர்குமினே ஒளிரும் பொருள். 488 லேசர் பட்டால் பச்சைச் சேனலில் தெரியும். ஜேசி-1-ன் மோனோமரும் 529 நானோமீட்டர் பக்கம் அதே பச்சையில்தான் தெரிகிறது. பச்சை ஏறினால் விகிதம் தானாக இறங்கிவிடும், சவ்வு மின்னழுத்தம் துளிகூட மாறாமலே. சாயம் போடாமல் குர்குமின் மட்டும் கொடுத்த செல்களை ஒரு டியூபில் ஓட்டிப் பாருங்கள்.

அது போக, ஜேசி-1-ன் சிவப்புத் திரள்கள் உருவாகவும் கலையவும் நேரம் எடுக்கும். செல்லுக்குள் எவ்வளவு சாயம் போயிற்று என்பதைப் பொறுத்து விகிதமே மாறும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு இருந்தாலும் மாறும். ஒரு தட்டில் இரண்டு குழுவை ஒப்பிட, ஆம் இல்லை என்ற அளவில் சொல்ல, அது உதவும். இத்தனை சதவீதம் இறங்கியது என்று எழுத அதை நம்ப மாட்டேன்.

மைட்டோசாக்ஸ் நேர்மின்னூட்டம் உள்ள சாயம். சவ்வு மின்னழுத்தம் இழுப்பதால்தான் உள்ளே போகிறது. அழுத்தம் இறங்கினால் அது மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறி, உட்கருவுக்குப் போய் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு இன்னும் பளிச்சென்று ஒளிரும். ஃப்ளோவில் பார்த்தால் "சூப்பர் ஆக்ஸைடு ஏறிவிட்டது" என்றுதான் தோன்றும். கன்ஃபோக்கலில் ஒரு தடவை பாருங்கள். சிவப்பு உட்கருவில் இருந்தால் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சூப்பர் ஆக்ஸைடால் மட்டும் உண்டாகும் விளைபொருளைத் தனியே பிரித்து அளக்க எச்பிஎல்சி வேண்டும். சாயத்தின் அளவும் முக்கியம். பல ஆய்வகங்களில் வழக்கமாகப் போடும் 5 மைக்ரோமோலாரே சுவாசத்தைக் கெடுக்கக்கூடியது. 1 அல்லது அதற்கும் கீழே வைப்பது நல்லது.

ஹெப்ஜி2_மாணவி:

மிக்க நன்றி அண்ணா. குர்குமின் மட்டும் கொடுத்த செல்களை ஓட்டிப் பார்த்தேன். சாயமே இல்லாமல் பச்சைச் சேனலில் ஒளிர்வு தெளிவாக இருக்கிறது. ஜேசி-1 படத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

மின்னழுத்தத்தைக் காட்டும் இன்னொரு சாயமான டிஎம்ஆர்எம் ஆரஞ்சுப் பக்கம் ஒளிர்வதால் அதற்கு மாறலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு போட வேண்டும்? எங்களிடம் இருக்கும் பழைய குறிப்பில் 200 நானோமோலார், 30 நிமிடம், பிறகு இரண்டு முறை கழுவு என்று இருக்கிறது.

பச்சைலேசர்:

அந்தக் குறிப்பை விட்டுவிடுங்கள்.

டிஎம்ஆர்எம் நெர்ன்ஸ்ட் விதிப்படி பரவும் சாயம். 37 டிகிரியில் ஏறக்குறைய 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில் உள்ளே சேரும். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் 150 முதல் 180 மில்லிவோல்ட் இருக்கிறது. 180 என்றால் சைட்டோபிளாசத்தில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு சாயம் உள்ளே இருக்கும். வெளியே அதிகமாகப் போட்டால் உள்ளே அளவுக்கு மீறி நெருங்கி, ஒளிர்வு தானே மங்கிவிடும். அந்த நிலையில் மின்னழுத்தம் இறங்கினால் ஒளிர்வு ஏறும்! முடிவைத் தலைகீழாகப் படித்துவிடுவோம். ஒரு குழு 20 நானோமோலாரிலும் இன்னொரு குழு 200-லும் அளந்துவிட்டு, நேர் எதிரான முடிவை எழுதும் வாய்ப்பு இதனால்தான் வருகிறது.

அதனால் 20 நானோமோலார் பக்கம் வையுங்கள், 30 முதல் 45 நிமிடம் சமநிலைக்கு வரட்டும். கழுவவே கூடாது. கழுவினால் சமநிலை கலைந்து சாயம் வெளியே வர ஆரம்பிக்கும். ப்ளேட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போவதற்குள் எண்கள் மாறிவிடும். ஃப்ளோவுக்கு டிரிப்சின் போட்டு எடுத்தாலும், கடைசியாகச் செல்களைக் கலக்கும் பஃபரிலும் அதே 20 நானோமோலார் டிஎம்ஆர்எம் இருக்க வேண்டும். கன்ஃபோக்கலில் லேசர் சக்தியைக் குறைத்து வையுங்கள், இந்தச் சாயம் வெளிச்சத்தில் செல்லைக் கொல்லும். ஃபிக்ஸ் செய்யவும் முடியாது, உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

ஒவ்வொரு சாம்பிளிலும் இரண்டாவது டியூபாக, மின்னழுத்தத்தைக் கலைக்கும் எஃப்சிசிபி சேர்த்தது ஒன்று இருக்கட்டும். மின்னழுத்தம் முழுக்கப் போன பிறகு மிஞ்சுவதுதான் பின்னணி ஒளிர்வு. அதைக் கழித்த பிறகு வருவதே உங்கள் அளவு.

செல் சவ்வுக்கும் மின்னழுத்தம் உண்டு, அதுவும் சாயத்தை இழுக்கும். சில செல்களில் பி-கிளைக்கோபுரோட்டீன் பம்பு டிஎம்ஆர்எம்மை வெளியே தள்ளும். இரத்த ஸ்டெம் செல்களில் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்று வெகுகாலம் நம்பியதற்கு இந்தப் பம்பு மைட்டோட்ராக்கர் க்ரீனை வெளியே தள்ளியதும் ஒரு காரணம். பம்பை வெரபமிலால் அடைத்துப் பார்த்தபோது படம் மாறியது. நீங்களும் ஒரு டியூபில் வெரபமில் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் வேலைதான்.

வெல்பிளேட்96:

பச்சைலேசர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இவ்வளவு ஒழுங்காக டிஎம்ஆர்எம் செய்தாலும் ரிவியூவரின் கேள்வி அப்படியே நிற்கும். மின்னழுத்தம் என்பது உற்பத்திக்கும் செலவுக்கும் நடுவே நிற்கும் ஒரு மட்டம். அணையின் மதகை அடைத்தாலும் நீர்மட்டம் ஏறும், அப்போது ஒரு யூனிட் மின்சாரமும் வராது. ஒலிகோமைசின் கொடுத்த செல் அப்படித்தான். ஏடிபி சிந்தேஸ் நின்றுவிட்டது, டிஎம்ஆர்எம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். எலக்ட்ரான் கடத்தல் சங்கிலி முழுக்க அடைபட்டாலும், கிளைக்காலிசிஸ் (மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே சர்க்கரையை உடைக்கும் வழி) தரும் ஏடிபியை உள்ளே இழுத்து, சிந்தேஸ் தலைகீழாகச் சுற்றி மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே இல்லாத ரோ-சைபர் செல்கள் இருக்கின்றனவே, அவை சுவாசிப்பதே இல்லை. அவற்றுக்கும் மின்னழுத்தம் உண்டு, சாயம் ஏற்றிக்கொள்ளும்.

குர்குமினுக்கு வருவோம். அது மைட்டோகாண்ட்ரியாவில் அன்கப்ளராக (உட்சவ்வில் புரோட்டானைக் கசிய விடும் பொருளாக) வேலை செய்யும் என்று 2009-லேயே கட்டுரை வந்திருக்கிறது. அன்கப்ளர் என்றால் மின்னழுத்தம் இறங்கும், சுவாசம் ஏறும். சங்கிலியை அடைக்கும் மருந்து என்றால் மின்னழுத்தம் இறங்கும், சுவாசமும் இறங்கும். சாயத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆக்சிஜன் அளந்தால் பத்தே நிமிடத்தில் பிரிந்துவிடும். ரிவியூவர் சுவாசம் கேட்பது அதனால்தான்.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சீஹார்ஸ் இருந்தால் ஒரு நாள் நேரம் கேட்டு வாங்குங்கள். போவதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கார்ட்ரிட்ஜை முந்தின இரவே கேலிபிரன்ட் திரவத்தில் ஊற வைக்க வேண்டும். மறந்தால் அன்றைய நாள் போச்சு. ஹெப்ஜி2 கட்டிகட்டியாக வளரும், அப்படியே உரிந்தும் வரும், அதனால் பாலி-லைசின் பூசிய ப்ளேட் எடுத்துக்கொள்ளுங்கள். 96 வெல் ப்ளேட்டில் நான்கு மூலைகளும் செல் இல்லாமல் பின்னணிக்காக. செல் போட்டதும் ப்ளேட்டை ஒரு மணி நேரம் அறை வெப்பநிலையில் அசைக்காமல் வைத்துவிட்டு அப்புறம் இன்குபேட்டரில் வையுங்கள், ஓர வெல்களில் செல் ஒதுங்குவது குறையும். அளவீட்டு மீடியத்தில் பைகார்பனேட் இருக்கக் கூடாது, ஆகவே கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும்.

ஊசி வரிசை எல்லோருக்கும் தெரியும்: ஒலிகோமைசின், எஃப்சிசிபி, கடைசியில் எலக்ட்ரான் சங்கிலியை அடைக்கும் ரோட்டினோனும் ஆன்டிமைசின் ஏ-யும். எங்கே சறுக்குகிறோம் என்றால் எஃப்சிசிபியில். அதை ஒவ்வொரு செல் வகைக்கும், செல் அடர்த்திக்கும் தனியாக டைட்ரேட் செய்ய வேண்டும். 0.25 முதல் 2 மைக்ரோமோலார் வரை ஓட்டிப் பாருங்கள். உச்சத்தைத் தாண்டினால் எஃப்சிசிபியே சுவாசத்தை அமுக்கும். கன்ட்ரோல் செல்லுக்குச் சரியாக இருந்த அளவு, மருந்து கொடுத்த செல்லுக்கு அதிகமாகிவிடலாம். அப்போது "ஸ்பேர் கெபாசிட்டி (உச்ச சுவாசத்துக்கும் வழக்கமான சுவாசத்துக்கும் உள்ள இடைவெளி) குறைந்தது" என்று எழுதிவிடுவோம், காரணம் நாம் ஊற்றிய எஃப்சிசிபியாக இருக்கும். சில செல் வகைகளில் ஒலிகோமைசினுக்குப் பிறகு எஃப்சிசிபி போட்டால் உச்ச சுவாசமே குறைத்துக் காட்டும். ஒலிகோமைசின் இல்லாமல் எஃப்சிசிபி மட்டும் போட்ட சில வெல்களை வைத்துச் சரிபாருங்கள்.

அளவீடு முடிந்ததும் ப்ளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்! நேராக மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டு போங்கள். வெல்லின் நடுவே செல் உரிந்து வழுக்கை விழுந்திருந்தால் அந்த வெல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு ஹோக்ஸ்ட் என்ற டிஎன்ஏ சாயம் போட்டு உட்கருக்களை எண்ணி அதற்கு நார்மலைஸ் செய்யுங்கள். குர்குமினால் செல் எண்ணிக்கை குறையும் உங்கள் ஆய்வில், இதைச் செய்யாத ஓசிஆர் (ஆக்சிஜன் செலவாகும் வேகம்) எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஆக்சிஜன்_மின்முனை:

எல்லோரும் சீஹார்ஸ், சீஹார்ஸ் என்கிறீர்கள். அந்தக் கருவி இல்லாத ஊர்களில் சுவாசம் அளக்க முடியாது என்பது போல ஒரு எண்ணம் பரவியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. லேலண்ட் கிளார்க்கின் ஆக்சிஜன் மின்முனை 1950-களில் வந்தது. சான்ஸும் வில்லியம்ஸும் 1955-ல் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாச நிலைகளை ஸ்டேட் 3, ஸ்டேட் 4 என்று வகுத்ததெல்லாம் கார்ட்ரிட்ஜ் எதுவும் இல்லாத காலத்தில். பழைய உயிர்வேதியியல் துறைகள் பலவற்றில் ஒரு கிளார்க் மின்முனை அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். தாவரவியல் துறையிலும் கேளுங்கள், ஒளிச்சேர்க்கை பாடத்துக்கு வாங்கியிருப்பார்கள். புதுச் சவ்வு மாட்டி, பொட்டாசியம் குளோரைடு ஊற்றினால் ஓடும்.

செய்முறை எளிது. 37 டிகிரியில் காற்று நிறைந்த நீரில் ஏறக்குறைய 200 மைக்ரோமோலார் ஆக்சிஜன் இருக்கும், அது மேல் புள்ளி. சோடியம் டைதயோனைட் சிட்டிகை போட்டால் பூஜ்யம். ஒரு மில்லிலிட்டருக்குச் சில மில்லியன் செல்கள் வேண்டும், இதுதான் இதன் பெரிய குறை. ஹெப்ஜி2 நன்றாகப் பெருகும் செல், கிடைத்துவிடும். காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, காந்தக் கலக்கியை ஓட விட்டு, சரிவு நேர்கோடானதும் ஒலிகோமைசின், அப்புறம் எஃப்சிசிபியைச் சிறிது சிறிதாக, கடைசியில் ஆன்டிமைசின். எஃப்சிசிபியை இங்கே படிப்படியாக ஏற்றலாம் என்பது பெரிய வசதி. வெல்பிளேட் சொன்ன டைட்ரேஷன் ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாகவே நடந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ஒலிகோமைசின், ஆன்டிமைசின், ரோட்டினோன் எல்லாம் கொழுப்பில் கரைபவை. மூடியின் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு வரும். தண்ணீரில் கழுவினால் போகாது. எத்தனாலில் பல முறை கழுவி, பிறகு தண்ணீர். கன்ட்ரோலை எப்போதும் முதலில் ஓட்டி, மருந்தைப் பிறகு ஓட்டினால், மருந்து சுவாசத்தை அடைப்பதாகப் பொய்யாகத் தெரியும். வரிசையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

வெல்பிளேட்96:

சார், கிளார்க் நல்ல கருவிதான். ஆனால் ஒட்டி வளரும் செல்லை டிரிப்சின் போட்டு எடுத்துத்தானே ஓட்ட வேண்டும்? அந்த அதிர்ச்சியே சுவாசத்தை மாற்றுமே. ஒரு நாளில் எத்தனை டோஸ் பார்க்க முடியும்? சீஹார்ஸில் ஒரே ப்ளேட்டில் ஆறு டோஸும் கன்ட்ரோலும் முடிந்துவிடும்.

ஆக்சிஜன்_மின்முனை:

டோஸ் எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரி. டிரிப்சின் விஷயமும் சரி, இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி நடக்கும் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஆறு டோஸ் தேவையில்லை. குர்குமின் சுவாசத்தை ஏற்றுகிறதா இறக்குகிறதா என்பதே கேள்வி. இன்னொரு வசதியும் உண்டு. கிளார்க் அறையில் செல் சுவாசித்துக்கொண்டிருக்கும்போதே குர்குமினை ஊசியால் செலுத்தலாம். அன்கப்ளர் என்றால் கோடு உடனே செங்குத்தாகத் திரும்பும், கண்ணெதிரே தெரியும். சீஹார்ஸிலும் முதல் போர்ட்டில் மருந்தை வைத்து இதைச் செய்யலாம், பலர் செய்வதில்லை. 24 மணி நேரம் கழித்துத்தான் அளக்கிறார்கள்.

நச்சியல்மேசை:

அந்த 24 மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். மருந்துகளின் கல்லீரல் நச்சுத்தன்மை பார்ப்பது என் வேலை.

24 மணி நேரத்தில் செல் சாக ஆரம்பித்துவிட்டால் எந்த மைட்டோகாண்ட்ரியா அளவீடும் காரணத்தைச் சொல்லாது. அப்போப்டோசிஸில், அதாவது செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்போது, கேஸ்பேஸ் நொதி கிளம்பிவிட்டால் எலக்ட்ரான் சங்கிலியின் முதல் கூட்டமான காம்ப்ளெக்ஸ் 1-ன் என்டியுஎஃப்எஸ்1 என்ற புரதத்தையே வெட்டும். சுவாசம் போகும், மின்னழுத்தம் போகும். அங்கே மைட்டோகாண்ட்ரியா பலியானது, குற்றவாளி வேறு யாரோ. அதனால் செல் சாகாத டோஸில் 1, 2, 4 மணி நேரத்தில் அளங்கள். கூடவே ஒரு குழுவுக்கு ஜீவேட் என்ற கேஸ்பேஸ் தடுப்பானைக் கொடுங்கள். கேஸ்பேஸை அடைத்த பிறகும் மின்னழுத்தம் இறங்கினால் உங்கள் வாதம் வலுவாகும்.

குர்குமின் மீடியத்தில் நிலைக்காது என்பதையும் மறக்காதீர்கள். சீரம் இல்லாத பாஸ்பேட் பஃபரில், பிஎச் 7.2, 37 டிகிரி என்றால் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடும். சீரம் இருந்தால் கொஞ்சம் தாங்கும். 24 மணி நேரம் கழித்து நீங்கள் அளப்பது குர்குமினின் வேலையையா, அதன் சிதைவுப் பொருள்களின் வேலையையா? முதல் சில மணி நேரத்தில் அளக்க இது இன்னொரு காரணம்.

அடுத்து மீடியம். உங்கள் டிஎம்இஎம்மில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார் இருக்கும். மனித இரத்தத்தில் சாப்பிடாத நிலையில் 5 பக்கம். அவ்வளவு சர்க்கரையில் ஹெப்ஜி2 கிளைக்காலிசிஸை வைத்தே வாழும். கிராப்ட்ரீ 1929-ல் புற்றுக் கட்டிகளில் எழுதிய விளைவு, சர்க்கரை கொடுத்தால் சுவாசம் குறைகிறது. இந்த மீடியத்தில் ரோட்டினோன் கொடுத்தால்கூடச் செல் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே இல்லாத செல்லில் மைட்டோகாண்ட்ரியா நஞ்சைத் தேடுகிறோம்.

இதற்கு விலை குறைந்த பதில் காலக்டோஸ். குளுக்கோஸ் இல்லாத டிஎம்இஎம் வாங்கி, 10 மில்லிமோலார் காலக்டோஸ், குளூட்டமின், பைருவேட் சேருங்கள். சீரம் டயலைஸ் செய்ததாக இருக்கட்டும், சாதாரண சீரத்திலேயே குளுக்கோஸ் உண்டு. காலக்டோஸிலிருந்து கிளைக்காலிசிஸ் வழியே செல்லுக்குப் போதுமான வேகத்தில் ஏடிபி கிடைக்காது, மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆக வேண்டும். 2007-ல் ஹெப்ஜி2-விலேயே இதைச் செய்து காட்டினார்கள். குளுக்கோஸ் ப்ளேட், காலக்டோஸ் ப்ளேட் இரண்டிலும் ஒரே டோஸ் வரிசை போட்டு ஏடிபி அளங்கள். காலக்டோஸில் ஐசி50 (அளவைப் பாதியாக்கும் டோஸ்) மூன்று மடங்கோ அதற்கு மேலோ இறங்கினால், நச்சு மைட்டோகாண்ட்ரியா வழியாக வருகிறது என்று கொள்வது வழக்கம். ரோட்டினோனைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வையுங்கள். அதைக் கொடுத்தால் ஏடிபி குளுக்கோஸில் அசையாமல், காலக்டோஸில் பிரமாதமாக இறங்கும். இறங்கவில்லையா, உங்கள் ப்ளேட்டில் ஏதோ கோளாறு. ப்ளேட் ரீடர் இருக்கிறது என்றீர்கள், அதுவே போதும். குர்குமினின் நிறமும் ஒளிர்வும் ஏடிபி அளவீட்டில் குறுக்கிடுகிறதா என்று மட்டும் செல் இல்லாத வெல்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுகிய கால அளவீட்டுக்கும் எல்லை உண்டு. ஃபியாலூரிடின் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஹெபடைடிஸ் பி-க்கான மருந்து. 1993-ல் அமெரிக்காவின் என்ஐஎச்-சில் 15 பேருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பல வாரங்கள் கழித்துக் கல்லீரல் செயலிழக்க ஆரம்பித்தது. 7 பேருக்குக் கடுமையான பாதிப்பு, 5 பேர் இறந்தார்கள், 2 பேர் கல்லீரல் மாற்று அறுவையால் பிழைத்தார்கள். மருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் காமா வழியாக அந்த டிஎன்ஏவுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பழைய டிஎன்ஏ, பழைய புரதம் தீரும்வரை செல் நன்றாகவே இருக்கும். ஒரு நாளில் செய்யும் ஏடிபி சோதனை, டிஎம்ஆர்எம், சீஹார்ஸ் எதிலும் இது தெரியாது. எலிகளிலும் தெரியவில்லை, மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டு போகும் கடத்தி மனிதரில் இருப்பது போல எலியில் இல்லை. நியூக்ளியோசைடு வகை மருந்து என்றால் செல்லை வாரக்கணக்கில் வளர்த்து, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எண்ணிக்கையைக் க்யூபிசிஆரில் பார்ப்பது தவிர வழியில்லை. குர்குமினுக்கு இது வேண்டாம். ஆனால் "எந்த முறை சிறந்தது" என்று யாராவது கேட்டால் இந்த 15 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பழுதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கடைசியாக, மைக்கோபிளாஸ்மா, செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா. இதையெல்லாம் செய்வதற்கு முன் செல்லை பிசிஆரில் சோதியுங்கள். அது எம்டிடியை மாற்றும், ஏடிபியை மாற்றும், அமிலம் உண்டாக்கும்.

வடமராட்சி_ஆய்வாளர்:

நல்ல உரையாடல், எல்லோருக்கும் நன்றி. நான் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் நரம்புக் கலங்களில் வேலை செய்கிறேன். பழுதான இழைமணிகளை (மைட்டோகாண்ட்ரியாவை) கலம் (செல்) அகற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் கொடுத்தால், அகற்ற வேண்டிய இழைமணிகளை அடையாளமிடும் பார்கின் புரதம் உருவாகும் கல வழி ஒன்று கையில் இருக்கிறது. டாக்சிசைக்ளினை இரண்டு நாள் கொடுத்துவிட்டு, சிசிசிபி (எஃப்சிசிபி போன்ற அன்கப்ளர்) போட்டு, டொம்20 என்ற இழைமணிப் புரதம் குறைகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்பதாகத் திட்டம். இது சரியா?

பச்சைலேசர்:

டாக்சிசைக்ளினில் கவனம் தேவை. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. டாக்சிசைக்ளின் அதையும் அடைக்கும். இரண்டு நாளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தரும் எம்டி-சிஓ1 இறங்கும், உட்கரு தரும் எஸ்டிஎச்ஏ இறங்காது, சுவாசமும் குறையும். ஆக, பார்கின் இல்லாத தாய்ச் செல்லுக்கும் அதே டாக்சிசைக்ளின் கொடுத்த கன்ட்ரோல் இல்லாமல் எதுவும் எழுத முடியாது. டாக்சிசைக்ளின் அளவையும் புரதம் உருவாகும் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள்.

டொம்20 மட்டும் போதாது. அது வெளிச்சவ்வில் இருக்கிறது, பார்கின் கிளம்பினால் செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோமே அதைச் சிதைத்துவிடும், மைட்டோகாண்ட்ரியா அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் புரதம் ஒன்றையும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் எம்டி-கீமா, பிஎச்சுக்கு ஏற்ப மாறும் ஒளிர்புரதம். 440-ல் தூண்டினால் நடுநிலை பிஎச்சில் இருப்பது தெரியும், 561-ல் லைசோசோமுக்குப் போனது தெரியும். ஆனால் ஃபிக்ஸ் செய்தால் பிஎச் வேறுபாடு போய்விடும். ஃபிக்ஸ் செய்ய வேண்டுமானால் மைட்டோ-க்யூசி என்ற ஒளிர்புரதம். சிசிசிபிக்குப் பதிலாக ஆன்டிமைசினும் ஒலிகோமைசினும் சேர்த்துக் கொடுப்பது மேல், சிசிசிபி செல்லின் மற்றச் சவ்வுகளிலும் புரோட்டானைக் கசிய விடும்.

பிளாட் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஐந்து காம்ப்ளெக்ஸுக்குமான ஆன்டிபாடிக் கலவை பயன்படுத்தினால் சாம்பிளைக் கொதிக்க வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் எம்டி-சிஓ1 பட்டை மறைந்துவிடும், காம்ப்ளெக்ஸ் 4 குறைந்தது என்று தவறாகப் படித்துவிடுவோம்.

ஹெப்ஜி2_மாணவி:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைக் கைடிடம் காட்டினேன், ஒத்துக்கொண்டார். தாவரவியல் துறையில் கிளார்க் மின்முனை இருக்கிறது, சார் சொன்னது போலவே. மைக்கோபிளாஸ்மா பிசிஆர் முடிந்ததும் குளுக்கோஸ், காலக்டோஸ் ப்ளேட்டில் ஆரம்பிக்கிறேன். கூடவே டிஎம்ஆர்எம், 20 நானோமோலாரில், எஃப்சிசிபி டியூபோடு, 1 முதல் 4 மணி நேரத்துக்குள், ஜீவேட் கொடுத்த குழுவோடு. பிறகு கிளார்க்கில் குர்குமினை நேரடியாகச் செலுத்திப் பார்ப்பேன்.

சார், ஒரு சந்தேகம். சுவாசம் ஏறாமல் இறங்கினால் எந்த காம்ப்ளெக்ஸ் அடைபட்டது என்று கிளார்க்கிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஆக்சிஜன்_மின்முனை:

முடியும் அம்மா. செல் சவ்வை டிஜிட்டோனினால் துளையிட வேண்டும். அது கொலஸ்ட்ரால் நிறைந்த செல் சவ்வை முதலில் தாக்கும், மைட்டோகாண்ட்ரியாவில் கொலஸ்ட்ரால் குறைவு. ஆனால் அளவு மிஞ்சினால் அதையும் கிழிக்கும், அதனால் முதலில் டைட்ரேட் செய்யுங்கள். ரோட்டினோன், சக்சினேட், அடினோசின் டைபாஸ்பேட் (ஏடிபி அல்ல, அதைவிட ஒரு பாஸ்பேட் குறைந்தது) மூன்றும் அறையில் இருக்க, டிஜிட்டோனினைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். சுவாசம் ஏறி ஒரு இடத்தில் நிற்கும். அந்த அளவுதான் உங்களுக்கு வேண்டியது.

பிறகு புதுச் செல்லில் பைருவேட், மாலேட், அடினோசின் டைபாஸ்பேட் கொடுங்கள், காம்ப்ளெக்ஸ் 1 வழியே ஓடும். ரோட்டினோன் போட்டு அதை நிறுத்திவிட்டு சக்சினேட் கொடுத்தால் காம்ப்ளெக்ஸ் 2 வழி. ஆன்டிமைசின் போட்டு அதையும் நிறுத்தி, அஸ்கார்பேட்டும் டிஎம்பிடியும் கொடுத்தால் காம்ப்ளெக்ஸ் 4. அங்கே டிஎம்பிடி தானாகவே ஆக்சிஜனைத் தின்னும், சோடியம் அசைடு போட்டு மிஞ்சுவதைக் கழித்துவிடுங்கள். குர்குமின் பைருவேட் ஓட்டத்தை மட்டும் குறைத்து சக்சினேட்டைத் தொடவில்லை என்றால் பழுது காம்ப்ளெக்ஸ் 1-லோ பைருவேட் உள்ளே வரும் பாதையிலோ இருக்கிறது. குளூட்டமேட், மாலேட் கொடுத்து இன்னொரு முறை ஓட்டினால் அதுவும் பிரிந்துவிடும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் அடினோசின் டைபாஸ்பேட்டுக்குப் பிறகு சைட்டோகுரோம் சி 10 மைக்ரோமோலார் சேர்த்துப் பாருங்கள். சுவாசம் 10 சதவீதத்துக்கு மேல் துள்ளினால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு கிழிந்து உள்ளே இருந்த சைட்டோகுரோம் சி கொட்டியிருக்கிறது. கன்ட்ரோலிலும் துள்ளினால் டிஜிட்டோனின் அதிகம், அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். கன்ட்ரோலில் துள்ளாமல் குர்குமின் கொடுத்ததில் மட்டும் துள்ளினால், அதைக் கட்டாயம் குறித்து வையுங்கள், ரிவியூவருக்கு எழுதும் பதிலில் அதற்கு இடம் உண்டு. முதல் வளைகோடுகள் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.